ஜாமீன் கையெழுத்தும் சைப்ரஸும்

ஆகஸ்ட் 24, காலை 10.15 (கேள்வி)

உக்ரைன் பேச்சுவார்த்தையில் தினமும் அடிபடும் சொல் 'பாதுகாப்பு உத்தரவாதம்'. என் கருத்து எளியது. போர் முடிந்த ஒரு நாட்டுக்கு இரண்டு மூன்று வலுவான நாடுகள் முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கொஞ்சம் படையையும் அங்கே நிறுத்திவிட்டால் விஷயம் முடிந்தது. 1994இல் புடாபெஸ்ட்டில் உக்ரைனுக்குக் கிடைத்தது வெறும் வாக்குறுதி. அதனால்தான் அது பலிக்கவில்லை. ஒப்பந்தமும் படையும் சேர்ந்து கிடைத்த பிறகும் சீரழிந்த சிறிய நாடு ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 24, இரவு 9.50 (பதில்)

சைப்ரஸ்.

ஆகஸ்ட் 24, இரவு 11.20

ஒற்றைச் சொல்லில் பதில் எழுதினால் திமிர் பிடித்தவன் என்று நினைப்பார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். விரிவாகவே எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன், கப்பல் என்ஜினியர். கடைசி ஒன்பது ஆண்டுகள் கடலை விட்டு இறங்கி, சைப்ரஸில் லிமசோல் நகரத்தில் ஒரு கப்பல் மேலாண்மை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஆகவே நான் எழுதுவதில் பாதி படித்தது, பாதி அலுவலகத்தில் காபி குடிக்கும்போது காதில் விழுந்தது.

கேள்வி கேட்டவர் கேட்டதெல்லாம் சைப்ரஸுக்குக் கிடைத்தது. தீவில் கிரேக்கர் பெரும்பான்மை, துருக்கியர் சிறுபான்மை. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக, கிரீஸோடு இணைய விரும்பிய கிரேக்க சைப்ரியரின் எயோக்கா கெரில்லாக்கள் 1955 முதல் நான்கு ஆண்டுகள் நடத்திய சண்டை ஓய்ந்தது. தீவு 1960 ஆகஸ்ட் 16 அன்று விடுதலை பெற்றது. அதே நாளில் உத்தரவாத ஒப்பந்தமும் கையெழுத்தானது. உத்தரவாதம் கொடுத்தவை மூன்று நாடுகள்: பிரிட்டன், கிரீஸ், துருக்கி. மூன்றில் எதுவும் சப்பை அல்ல. கூடவே ஒரு கூட்டணி ஒப்பந்தம். அதன்படி கிரீஸின் வீரர்கள் 950 பேரும் துருக்கியின் வீரர்கள் 650 பேரும் தீவிலேயே தங்குவார்கள். பிரிட்டனுக்கு அக்ரோத்திரியிலும் தெகேலியாவிலும் 99 சதுர மைல் நிலம், இறையாண்மையோடு.

காகிதமும் இருந்தது, படையும் இருந்தது. பதினான்கே ஆண்டுகளில் அந்த நாடு இரண்டாகப் பிளந்தது. பிளந்த படைக்கு உள்ளே வர வழி கொடுத்ததே அந்தக் காகிதம்தான் என்பது கதையின் மோசமான பகுதி. அதை நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

ஆகஸ்ட் 25, இரவு 10.05

பேச்சுவார்த்தை எப்படி நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1959 பிப்ரவரி 11 அன்று ஜூரிச்சில் உடன்பாடு எட்டப்பட்டது. எட்டியவர்கள் கிரேக்கப் பிரதமர் கரமன்லிஸும் துருக்கிப் பிரதமர் மெண்டெரஸும். சைப்ரியர் ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை. பெண்ணைக் கேட்காமல் நிச்சயம் செய்கிற கல்யாணம் போல. அடுத்த வாரம் லண்டனுக்கு அழைத்து, இதோ உங்கள் நாடு, கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள்.

அங்கே கிரேக்க சைப்ரியரின் தலைவரும் பின்னாளில் நாட்டின் அதிபருமான பேராயர் மக்காரியோஸ் முரண்டு பிடித்தார். உத்தரவாதம் கொடுக்கும் நாடுகள் தலையிடும் உரிமை, அந்நியப் படை, துருக்கி சைப்ரியரான துணை அதிபரின் தடை அதிகாரம் என்று அவருக்கு நெருடிய இடங்கள் பல. ஓர் இரவு அவகாசம் கொடுத்தார்கள். பிப்ரவரி 19 காலை சம்மதம் சொன்னார். துருக்கி சைப்ரியர் தரப்பில் ஃபாசில் கூச்சுக் கையெழுத்திட்டார்.

இதற்கு இடையில் நடந்ததைக் கதையில் எழுதினால் ஆசிரியரைத் திட்டுவார்கள். கையெழுத்திட வந்த மெண்டெரஸின் விமானம் பிப்ரவரி 17 அன்று லண்டனுக்குத் தெற்கே கேட்விக் அருகில் மூடுபனியில் விழுந்து நொறுங்கியது. 14 பேர் இறந்தார்கள். மெண்டெரஸ் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டார். அப்படிப் பிழைத்தவரை 1961இல் அவர் நாட்டு ராணுவ ஆட்சியே தூக்கில் போட்டது.

எங்கிருந்தோ எங்கோ போய்விட்டேன். நான்காவது ஷரத்துக்கு வர வேண்டும்.

ஆகஸ்ட் 26, காலை 6.40

நான்காவது ஷரத்து சொல்வது சுருக்கமாக இது: ஒப்பந்தம் மீறப்பட்டால் மூன்று நாடுகளும் கலந்து பேசும். சேர்ந்து செயல்பட முடியாமல் போனால், ஒவ்வொரு நாடும் தனியாக நடவடிக்கை எடுக்கும் உரிமையை வைத்துக்கொள்கிறது. ஒரே நோக்கம், இந்த ஒப்பந்தம் உருவாக்கிய நிலையைத் திரும்ப நிறுவுவது.

வரியை நிதானமாக இன்னொரு தடவை படியுங்கள். 'உரிமையை வைத்துக்கொள்கிறது.' வீட்டுக்குக் காவல் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிறவர், சாவியை நான் வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் எழுதியிருக்கிறார். திருடன் வந்தால் வருவேன் என்று எழுதவில்லை.

'நடவடிக்கை' என்றால் என்ன என்பதும் எங்கும் இல்லை. ராஜதந்திர நடவடிக்கையா, பீரங்கி நடவடிக்கையா? துருக்கி படையும் அதில் அடக்கம் என்றது. ஐநா சாசனத்துக்குப் பிறகு எந்த ஒப்பந்தமும் அப்படி ஓர் உரிமையைத் தர முடியாது என்றது மக்காரியோஸ் தரப்பு. இரண்டு தரப்பும் அவரவருக்கு வேண்டியதைப் படித்துக்கொள்ளும்படி ஒரு சொல்லைப் போட்டால்தான் கையெழுத்து விழும். கையெழுத்து விழ வைத்த அதே சொல்தான் பிறகு குண்டாகவும் விழுந்தது.

ஆகஸ்ட் 26, மதியம் 1.30

உத்தரவாதம் என்றால் ஜாமீன் மாதிரிதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. என் சொந்த அனுபவம்: 1998இல் பள்ளித் தோழன் ஒருவனுக்காக வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் கட்டவில்லை. நான் நடுக்கடலில் இருந்தபோது வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. அம்மா பயந்துபோய் வளையலை அடகு வைத்துவிட்டார்கள். ஜாமீன் என்றால் அதுதான். கடன்காரன் விழுந்தால் ஜாமீன்காரன் சட்டையைப் பிடிப்பார்கள்.

சைப்ரஸில் ஜாமீன்காரர்கள் யார் சட்டையையும் யாரும் பிடிக்கவில்லை. 1974இல் பிரிட்டன் தீவிலேயே விமானத் தளம் வைத்திருந்தது. கிரீஸ் ஏவிவிட்ட கலகம் ஒன்று சைப்ரஸ் ஆட்சியைக் கவிழ்த்தபோது, துருக்கிப் பிரதமர் எஜெவித் ஜூலை 17 அன்று லண்டனுக்குப் பறந்து, வாருங்கள் சேர்ந்து தலையிடலாம் என்று கேட்டார். பிரிட்டன் மறுத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவே, சட்டப்படி உரிமை இருந்தது, தார்மீகக் கடமை இருந்தது, படைபலமும் இருந்தது, ஆனாலும் தலையிடவில்லை, காரணத்தை அரசு சொல்ல மறுக்கிறது என்ற பொருளில் எழுதி வைத்தது. ஒரு பைசா அபராதம்கூட இல்லை. எங்கள் அம்மாவின் வளையல் அளவுக்குக்கூட இழப்பு இல்லை.

ஆகஸ்ட் 27, இரவு 11.45

திருத்தம். மேலே உத்தரவாதம் கொடுத்தவர்களை மட்டும் பேசினேன். முதல் ஷரத்தில் சைப்ரஸே ஒரு வாக்குக் கொடுக்கிறது: எந்த நாட்டோடும் இணைய மாட்டோம், பிரியவும் மாட்டோம். இரண்டாம் ஷரத்தில் மூவரும் உத்தரவாதம் தருவது விடுதலைக்கும் எல்லைக்கும் மட்டும் அல்ல, அரசியல் சட்டத்தின் அடிப்படை ஷரத்துகள் நிறுவிய நிலைக்கும் சேர்த்து. அதாவது, அரசுப் பணியில் 70க்கு 30, ராணுவத்தில் 60க்கு 40 என்று கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் பங்கு வைத்த அந்த உள்வீட்டு ஏற்பாட்டுக்கும் வெளியார் காவல். உள்ளே ஒரு திருத்தம் செய்ய நினைத்தால் மூன்று தலைநகரங்களைக் கேட்க வேண்டும். நாட்டின் தலையெழுத்தைப் பூட்டி, சாவியை அடுத்த தெருவில் கொடுத்துவிட்ட மாதிரி.

1963 நவம்பரில் மக்காரியோஸ் 13 திருத்தங்களை முன்வைத்தார். துருக்கி நிராகரித்தது. டிசம்பரில் தலைநகர் நிக்கோசியாவில் கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் இடையே மோதல், ரத்தம் ஓடியது. ஒப்பந்தப்படி அங்கே தங்கியிருந்த துருக்கிப் படைப் பிரிவு முகாமை விட்டு வெளியேறி, வடகரை ஊரான கைரீனியாவுக்குப் போகும் சாலையோரம் நிலை கொண்டது. நடுவர் என்று நிறுத்தி வைத்தவர் விளையாட இறங்கினார். 1974இல் அந்த 950 பேரின் பிரிவும் 650 பேரின் பிரிவும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. இரண்டும் உத்தரவாதப் படைகள். இதை யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வராமல் இல்லை, ஆனால் லிமசோலில் இதைச் சொல்லிச் சிரிக்க முடியாது.

நிக்கோசியாவில் இரு தரப்பையும் பிரிக்கும் 'பச்சைக் கோடு' அந்த 1963 டிசம்பரில் பிரிட்டிஷ் தளபதி ஒருவர் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் போட்டது. கையில் சிவப்புப் பென்சில் இருந்திருந்தால் பெயர் மாறியிருக்கும். கோடு மாறியிருக்காது.

ஆகஸ்ட் 29, இரவு 9.10

1974ஐச் சொல்லாமல் சுற்றுகிறேன் என்று குறைபட்டிருக்கிறார்கள். சரி.

ஜூலை 15 அன்று ஏதென்ஸின் ராணுவ ஆட்சியாளர்கள் ஏவிவிட்ட கலகம் மக்காரியோஸைத் தூக்கியெறிந்தது. இங்கே கவனியுங்கள், ஒப்பந்தத்தை முதலில் உடைத்ததே உத்தரவாதம் கொடுத்த நாடுகளில் ஒன்று. ஜூலை 20 காலை துருக்கிப் படை கைரீனியாவுக்கு அருகில் இறங்கியது. எடுத்துக் காட்டிய காகிதம் நான்காவது ஷரத்து. மூன்றே நாளில் ஏதென்ஸ் ஆட்சி கவிழ்ந்தது, சைப்ரஸ் கலகக்காரர்களும் போனார்கள். 'ஒரே நோக்கம்' அத்தோடு நிறைவேறிவிட்டது என்று சொல்லிவிடலாம். படை திரும்பவில்லை.

ஜெனீவாவில் மூன்று நாடுகளும் உட்கார்ந்தன. ஆகஸ்டில் இரண்டாம் சுற்று. தீவில் துருக்கியருக்குத் தனி நிர்வாகப் பகுதி வேண்டும் என்ற திட்டம் மேசைக்கு வந்தது. சைப்ரஸ் தரப்பில் கிளேரிதெஸ், ஊருக்குப் போய்க் கலந்து பேச ஒன்றரை நாள் அல்லது இரண்டு நாள் அவகாசம் கேட்டார். துருக்கி வெளியுறவு அமைச்சர் குனேஷ் கொடுக்கவில்லை. அவர் அங்காராவுக்குத் தொலைபேசியில் சொன்ன குறிச்சொல் 'ஆயிஷே விடுமுறைக்குப் போகட்டும்'. ஆயிஷே அவருடைய மகள் பெயர். ஆகஸ்ட் 14 விடியலில் இரண்டாம் தாக்குதல் தொடங்கியது. அது நின்றபோது தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் துருக்கிப் படையின் கையில். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரியர் தெற்கே ஓடினார்கள். பின்னால் தெற்கிலிருந்த துருக்கி சைப்ரியர் வடக்கே போனார்கள்.

பேச்சுவார்த்தை நடக்கும்போது படைகளுக்குப் பொழுது எப்படிக் கழிகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இடையில் துருக்கி தரையிறக்கியது வீரர்களையும் டாங்கிகளையும். மற்றவர்கள் தரையிறக்கியது அறிக்கைகளை.

ஆகஸ்ட் 30, காலை 7.00

நேற்று எழுதியதை இன்று படித்தால் ஒரு பக்கச் சார்பாக இருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் தெற்கில் இருந்தவன், அந்தக் காபியின் வாடை அடிக்கத்தான் செய்யும்.

2003இல் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே கடவுப் பாதைகள் திறந்தன. 2008இல் நிக்கோசியாவின் லெத்ரா தெருவிலும் ஒன்று திறந்தது. அதன் வழியாகப் பலமுறை வடக்கே போயிருக்கிறேன். பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு நூறு அடி நடந்தால் பலகைகளின் எழுத்து மாறுகிறது, காபியின் பெயர் மாறுகிறது, காபி மாறவில்லை. அங்கே ஓர் இரும்புக்கடைப் பெரியவர் பழக்கமானார். கப்பலில் வேலை பார்த்தவன் என்றால் இரும்புக்கடைக்காரர்களுக்கு ஒரு மரியாதை. 1964 முதல் 1974 வரை அவர் குடும்பம் அடைபட்ட ஒரு பேட்டையில் இருந்தது. அந்த ஆண்டுகளில் சுமார் 25,000 துருக்கி சைப்ரியர் ஊரை விட்டு அப்படி ஒதுங்கினார்கள். சிமெண்ட் வாங்கவும் அனுமதி, வெளியே போகவும் சோதனைச் சாவடி. நீ ஆக்கிரமிப்பு என்கிறாயே, அந்த ஜூலையில்தான் என் அப்பா முதன்முதலாகக் கதவுக்கு முட்டுக் கொடுக்காமல் தூங்கினார் என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவர் விற்ற நட்டும் போல்ட்டும் இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன.

ஆகவே, நான்காவது ஷரத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தெற்கில் சொல்வார்கள். அதை எடுத்தால் நாங்கள் மறுபடி பேட்டைக்குள் என்று வடக்கில் சொல்வார்கள். ஒரே வரியைத்தான் இருவரும் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 30, இரவு 10.30

ஐநா அமைதிப்படையில் இந்தியர்கள் இருந்தார்களா என்று கேட்ட மதுரைக்காரருக்கு: தலைமையே தாங்கினார்கள். 1964இல் ஐநா படை வந்தபோது முதல் தளபதி கியானி. அடுத்து வந்தவர் நம் முன்னாள் ராணுவத் தளபதி குடகு திம்மய்யா. பதவியில் இருக்கும்போதே 1965 டிசம்பரில் சைப்ரஸில் காலமானார். அடுத்த ஆண்டு சைப்ரஸ் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. 1974 போரின்போது தளபதியாக இருந்தவரும் இந்தியரே, பிரேம் சந்த். நிக்கோசியா விமான நிலையத்தை ஐநா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது அப்போதுதான். இன்றுவரை அது மூடித்தான் கிடக்கிறது.

லார்னாகாவில் 'ஸ்ட்ராட்டிகூ திமாயா' என்று ஒரு சாலை உண்டு. ஸ்ட்ராட்டிகோஸ் என்றால் கிரேக்கத்தில் தளபதி. ஏதோ பழைய கிரேக்க வீரர் என்று எண்ணிக்கொண்டு எத்தனையோ முறை அந்தச் சாலையில் போயிருக்கிறேன். நம்மவர் என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 2, மாலை 6.15

சைப்ரஸ் ஒரு விதிவிலக்கு, பெல்ஜியத்தைப் பாருங்கள் என்று ஒருவர் வாதிட்டிருக்கிறார். நல்ல வாதம். 1839 லண்டன் ஒப்பந்தத்தில் பெரிய நாடுகள் பெல்ஜியத்தின் நடுநிலைக்கு உத்தரவாதம் கொடுத்தன. 1914இல் ஜெர்மனி உள்ளே புகுந்ததும் பிரிட்டன் போருக்குப் போனது. பலித்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எதிர்க்கரைத் துறைமுகங்கள் ஜெர்மனியின் கைக்குப் போனால் பிரிட்டனுக்கே கழுத்தில் கத்தி. காகிதம் இல்லாவிட்டாலும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டு லக்சம்பர்க்குக்கு 1867இல் கிடைத்தது 'கூட்டு உத்தரவாதம்'. மை காய்வதற்குள் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஸ்டான்லி நாடாளுமன்றத்தில் விளக்கம் சொன்னார்: கூட்டு என்றால் எல்லோரும் சேர்ந்து வந்தால்தான், தனியாக எங்களுக்குக் கடமை இல்லை. மீறுகிறவரும் கையெழுத்திட்டவர்களில் ஒருவராக இருந்தால் எல்லோரும் எப்படிச் சேர்வார்கள்? அதை அவர் விளக்கவில்லை.

ஆஸ்திரியாவுக்கு உத்தரவாதமே கிடைக்கவில்லை. 1955இல் நான்கு பெரிய நாடுகளின் உத்தரவாதம் பற்றி மாஸ்கோ பேச்சில் குறிப்பு இருந்தது. மேற்கத்திய நாடுகள் தயங்கின. கடைசியில் படைகள் வெளியேறின, ஆஸ்திரியா தானே நடுநிலைச் சட்டம் இயற்றியது. உத்தரவாதம் இருந்திருந்தால், அதைக் காரணம் காட்டி யாராவது திரும்பி வந்திருப்பார்களோ என்று சைப்ரஸில் இருந்தவனுக்குத் தோன்றாமல் இருக்காது. இது ஊகம்தான்.

செப்டம்பர் 5, இரவு 11.00

தீவை மறுபடி இணைக்க ஐநா முன்வைத்த 2004 அன்னான் திட்டத்தில் உத்தரவாத ஒப்பந்தம் அப்படியே இருந்தது. படைகள் மட்டும் படிப்படியாக மறுபடி 950, 650 என்று குறையும். வாக்கெடுப்பில் கிரேக்கத் தரப்பில் 76 சதவீதம் வேண்டாம் என்றார்கள், துருக்கித் தரப்பில் 65 சதவீதம் வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்றதற்குக் காரணங்கள் பல. அலுவலகத்தில் அதிகம் கேட்டது இதுதான்: மறுபடியும் அதே ஷரத்தா?

2017 கோடையில் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்டானாவில் நடந்த பேச்சு மிக நெருங்கியது. ஐநா பொதுச் செயலர் குட்டெரெஸ், தனியாகத் தலையிடும் உரிமை இனி நீடிக்க முடியாது என்று தன் வரைவில் வைத்தார். 'படையும் வேண்டாம், உத்தரவாதமும் வேண்டாம்' என்பது கிரேக்கத் தரப்பு. ஒரேயடியாக முடியாது, சில ஆண்டுகள் கழித்து மறுபரிசீலனை என்பது துருக்கித் தரப்பு. ஜூலை 6 இரவு விருந்து நள்ளிரவைத் தாண்டி நீண்டது. விடிவதற்குள் முறிந்துவிட்டதாக அறிவிப்பு. யார் எதற்குச் சம்மதித்தார்கள் என்பதில் இன்றுவரை ஆளுக்கொரு கதை.

அன்று காலை எங்கள் அலுவலகத்தில், 1974இல் துருக்கிப் படையின் கைக்குப் போன ஃபாமகுஸ்தா நகரத்தைச் சேர்ந்த ஒருவர் கைபேசியைக் குப்புற வைத்துவிட்டு, ஒரு கப்பலின் உதிரிபாகப் பட்டியலைச் சரிபார்க்க ஆரம்பித்தார். மதியம்வரை வேறு எதையும் பேசவில்லை. 1974இல் அவருக்கு ஆறு வயது.

செப்டம்பர் 6, காலை 8.20

ஜாமீன் உவமை பொருந்தவில்லை என்று நானே ஒப்புக்கொண்டாயிற்று. பொருத்தமான ஆள் கப்பலில் உண்டு. புதுக் கப்பல் கட்டுமானத் தளத்திலிருந்து புறப்படும்போது, கட்டியவர்கள் தரப்பில் 'கேரண்டி என்ஜினியர்' ஒருவர் கூடவே சில மாதம் பயணம் வருவார். இளைஞனாக இருந்தபோது அவரைக் காவல் தெய்வம் என்று நினைத்தேன். அவர் நோட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். பக்கம் பக்கமாக எங்கள் பராமரிப்புக் குறைகள். நாளைக்கு எந்திரம் பழுதானால் தளத்தின் குற்றம் அல்ல, கப்பல்காரர்களின் குற்றம் என்று நிரூபிப்பதற்குத்தான் அவர் வந்திருந்தார்.

உக்ரைனோ வேறு நாடோ, அடுத்த ஒப்பந்தத்தின் வாசகம் வெளியானால் நான் முதலில் தேடப்போவது ஒன்றைத்தான். 'வர வேண்டும்' என்று எழுதியிருக்கிறதா, 'வரலாம்' என்று எழுதியிருக்கிறதா.

செப்டம்பர் 6, இரவு 9.40

கேரண்டி என்ஜினியரைப் பற்றிக் காலையில் எழுதியது பாதி உண்மைதான், மனம் கேட்கவில்லை. பிஸ்கே விரிகுடாவில் ஒரு ராத்திரி, அலை உச்சத்தில், எரிபொருள் பம்ப் நின்றது. எல்லோருக்கும் முன்னால் படியிறங்கி ஓடியவர் அவர்தான். பம்ப் தளத்தில் பொருத்தியது, நின்றால் பெயர் கெட்டுவிடும். நாலு மணி நேரம் எண்ணெயில் முழுகிச் சரி செய்தார். விடிந்ததும் குளித்துவிட்டு வந்து, நோட்டைத் திறந்து எழுத உட்கார்ந்தார். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். என்ன எழுதினார் என்று அன்று எட்டிப் பார்க்கவில்லை.